நீங்கள் கணேஷா, வசந்தா?

துப்பறியும் கதைகளில் வருகிறவர்களில் யாராக வாழ ஆசைப்படுகிறோம்? பதில் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குள் நம் வாழ்க்கையும் இருக்கிறது.

ஜமீன் பங்களாவின் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடி அறையில் ஜமீன்தார் செத்துக் கிடக்கிறார். வந்திருப்பவருக்கு அந்த வீட்டில் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. ஆனாலும் அவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, ஊரே கைகட்டி நிற்கும் ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, “நேற்று ராத்திரி பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்கிறார். பெரிய மனிதர் முறைக்கிறார், எரிந்து விழுகிறார், கடைசியில் பதில் சொல்கிறார்.

துப்பறியும் கதையின் மொத்தக் கவர்ச்சியும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. “பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை?” என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீட்டில் அப்பாவிடம், பள்ளியில் ஆசிரியரிடம், அலுவலகத்தில் மேலதிகாரியிடம் கேட்க நினைத்து விழுங்கிய கேள்விகள் எல்லோரிடமும் உண்டு. கதையில் வரும் துப்பறிவாளருக்கோ யாரையும் எதையும் கேட்கும் உரிமை இருக்கிறது. பதிலும் கிடைத்தே தீருகிறது. அவராக வேண்டும் என்று ஏங்கும் வாசகர் முதலில் ஏங்குவது அந்த உரிமைக்குத்தான். துப்பாக்கியும் தொப்பியும் காரும் அதற்குப் பிறகுதான்.

நிஜ வாழ்க்கையில் தனியார் துப்பறியும் நிறுவனங்களின் அன்றாட வேலை பெரும்பாலும் கல்யாண விசாரணை: மாப்பிள்ளைக்குச் சொன்ன சம்பளம் உண்மையா, பெண்ணுக்கு வேறு யாருடனாவது பழக்கம் உண்டா என்பதுதான். கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. இது தெரிந்த பிறகும் ஆசை குறைவதில்லை. யாராக ஆசைப்படுகிறோம் என்பது மட்டும் ஆளுக்கு ஆள், காலத்துக்குக் காலம் வேறுபடுகிறது.

பேக்கர் தெருவுக்கு வந்த கடிதங்கள்

உலகத்தில் அதிகம் பேர் ஆக விரும்பிய துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் என்பதில் சந்தேகமே இல்லை. 1887இல் வெளியான முதல் நாவலில் அவரும் டாக்டர் வாட்ஸனும் சந்திக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். லண்டன் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடம். கைகுலுக்கிய மறுநொடியே, ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறீர்கள் போலிருக்கிறதே என்கிறார் ஹோம்ஸ். வாட்ஸன் திகைத்துப்போகிறார். விளக்கம் பிறகு வருகிறது: பார்த்தால் மருத்துவர், நிற்கும் தோரணையில் ராணுவம் தெரிகிறது. முகம் கறுத்திருக்கிறது, மணிக்கட்டோ வெளுப்பாக இருக்கிறது; அப்படியானால் இது வெயில் தந்த கறுப்பு. கன்னம் ஒட்டியிருக்கிறது, நோயில் அடிபட்டிருக்கிறார். இடது கையை விறைப்பாகப் பிடித்திருக்கிறார், காயம். ஓர் ஆங்கிலேய ராணுவ மருத்துவர் அந்த நாளில் இந்தக் கதிக்கு ஆளாக வேறு எந்த நாடு இருக்கிறது?

இதைப் படித்த எந்தப் பள்ளி மாணவனும் மறுநாள் பேருந்தில் எதிர் சீட்டுக்காரரின் செருப்பையும் சட்டைக் காலரையும் உற்றுப் பார்க்காமல் இருந்ததில்லை. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே ஒரு மருத்துவர். எடின்பரோவில் அவருக்குப் பாடம் சொன்ன ஜோசப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவர் தொழிலையும் ஊரையும் சொல்லிவிடக் கூடியவர். அந்தப் பேராசிரியரின் கண்தான் ஹோம்ஸின் கண்ணாக மாறியது.

1893இல் டாயில் தன் நாயகனை சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையின் வாசகர்கள் கொதித்தெழுந்து சந்தாவை நிறுத்தினார்கள். எழுத்தாளர் பத்தாண்டு தாக்குப்பிடித்து, 1903இல் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். மொத்தம் 4 நாவல்கள், 56 சிறுகதைகள். ஹோம்ஸின் முகவரியான பேக்கர் தெரு 221பி அடங்கிய இடத்தில் 1930களில் ஒரு நிதி நிறுவனம் கட்டடம் எழுப்பியது. ஹோம்ஸ் பெயருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத அந்த நிறுவனம் தனியாக ஒரு செயலாளரையே அமர்த்த வேண்டியிருந்தது.

ஆனால் ஹோம்ஸாக வாழ்வதன் விலையையும் டாயில் மறைக்கவில்லை. குடும்பம் கிடையாது. வழக்கு இல்லாத நாட்களில் சலிப்பு தாங்காமல் கொக்கெய்னை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார். நண்பர் என்று சொல்ல வாட்ஸன் ஒருவர்தான். பதினைந்து வயதில் ஹோம்ஸாக ஆசைப்பட்டவர்கள் நாற்பது வயதில் வாட்ஸன் பக்கம் சாய்வதைப் பல வாசகர்களிடம் பார்க்கலாம். வாட்ஸனுக்கு மனைவி உண்டு, தொழில் உண்டு, போரில் பட்ட காயம் உண்டு; எல்லாவற்றுக்கும் மேலே, நண்பனின் அறிவைக் கண்டு பொறாமைப்படாத மனசு உண்டு. அது லேசில் வாய்க்காது.

தானவன் முதல் சாம்பு வரை

தமிழில் துப்பறிவாளர்கள் ஹோம்ஸுக்குச் சில ஆண்டுகள் மட்டுமே பின்தங்கி வந்தார்கள். பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். அடுத்து ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன். அடுத்து வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படத்தில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி அந்தச் சாமியாரை ஊரறியச் செய்தார். நம்முடைய தாத்தா, கொள்ளுத்தாத்தா தலைமுறை மாறுவேடத்துக்கு மயங்கியது. பிறந்த சாதியும் செய்யும் தொழிலும் முகத்திலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்த சமூகத்தில், நினைத்த நேரத்தில் வேறு ஆளாக மாறிவிட முடிகிறவன் மேல் மயக்கம் வந்ததில் வியப்பில்லை.

1940களில் ஆனந்த விகடனில் தேவன் கொண்டுவந்த துப்பறியும் சாம்பு இந்த வரிசையையே புரட்டிப்போட்டார். வங்கி குமாஸ்தா. பார்த்தாலே அசடு என்று முத்திரை குத்திவிடும் முகம். அவர் எதையோ தேடிப் போய், தடுக்கி விழுந்து, தற்செயலாகத் திருடனைப் பிடித்துவிடுவார். ஊர் அவரை மகா மேதை என்று கொண்டாடும். இன்ஸ்பெக்டர் கோபாலன் தேடி வருவார். மனைவி வேம்புவின் முகத்தில் பெருமை.

சிரிக்க வைக்கும் இந்தக் கதைகளுக்குள் ஓர் ஏக்கம் இருக்கிறது. உருவத்தையும் தயக்கத்தையும் வைத்து உலகம் நம்மை ஓரம் கட்டிவிட்டது. ஒரு நாள் அதே உலகம் நம் வாசலில் வந்து நிற்க வேண்டும். கெட்டிக்காரர்கள் ஹோம்ஸாக ஆசைப்படலாம். கெட்டிக்காரன் என்று ஒரு தடவைகூடப் பெயர் வாங்காதவர்களுக்குத் தேவன் தந்த பரிசு சாம்பு. அந்தக் கருணைக்காகவே அவர் இன்றும் படிக்கப்பட வேண்டியவர்.

தேநீரும் மரியாதையும்

தமிழ்வாணனின் சங்கர்லால் இதற்கு நேர் எதிர். ‘கல்கண்டு’ ஆசிரியரான தமிழ்வாணன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து தன்னையே ஒரு கதாபாத்திரமாக மாற்றிக்கொண்டவர். சில நாவல்களில் தானே துப்பறிவாளராக வந்தும் இருக்கிறார். அவருடைய சங்கர்லால் பதறமாட்டார். தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார். நல்ல தமிழில் பேசுவார். விமானம் ஏறி வெளிநாட்டு நகரங்களுக்குப் போய், அங்குள்ள போலீஸ் அதிகாரிகளால் மரியாதையோடு வரவேற்கப்படுவார்.

விமானப் பயணமும் பாஸ்போர்ட்டும் சாமானியனுக்கு எட்டாத காலம் அது. உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தமிழன் கூனிக் குறுகாமல் நிற்க முடியும் என்று சொன்ன பாத்திரம் சங்கர்லால். அவரைப் படித்துத் தேநீருக்கு மாறிய வீடுகள் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று அந்தக் கதைகளின் மர்மம் எளிதாகப் பிடிபட்டுவிடும். அந்தத் தன்மானம் மட்டும் பழசாகவில்லை.

கணேஷ் கட்சி, வசந்த் கட்சி

தமிழ் வாசகர்களிடம் இந்தக் கேள்வியை வீசினால் விவாதம் சூடு பிடிப்பது இங்கேதான். 1968இல் குமுதத்தில் வந்த ‘நைலான் கயிறு’ தொடரில் வழக்கறிஞர் கணேஷ் அறிமுகமானார். ஜூனியராக வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். இருவரையும் படைத்த சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்தப் பொறியாளர் மூளை கணேஷுக்குப் போனது. அந்த எழுத்தின் குறும்பு முழுக்க வசந்துக்குப் போனது. ஓவியர் ஜெயராஜ் இருவருக்கும் முகம் கொடுத்தார்.

கணேஷாக ஆசைப்படுகிறவர்கள் அமைதியை விரும்புகிறவர்கள். கணேஷ் சத்தம் போடுவதில்லை. துப்பாக்கியைவிடச் சட்டப் பிரிவை நம்புகிறவர். கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தாலும் கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பார். அரசாங்கச் சம்பளமும் இல்லை, மேலதிகாரியும் இல்லை. படித்த படிப்பை மட்டும் நம்பி நகரத்தில் நிமிர்ந்து நின்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு அவர் ஓர் அண்ணன். ‘காயத்ரி’ படத்தில் ஜெய்சங்கரும் ‘ப்ரியா’வில் ரஜினிகாந்தும் கணேஷாக நடித்தார்கள். வாசகர் மனதிலிருந்த கணேஷை இருவராலும் இடம்பெயர்க்க முடியவில்லை.

வசந்தாக ஆசைப்படுகிறவர்கள் வேறு ரகம். கையில் காசில்லாவிட்டாலும் கவலையில்லை. வாயில் வார்த்தை தீர்ந்துவிடக் கூடாது. எந்த இறுக்கமான இடத்திலும் ஒரு கமென்ட் அடிப்பான். மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கை வசந்த் எத்தனையோ கதைகளில் ஆரம்பித்திருக்கிறான். கணேஷ் அடக்கிவிடுவார், அல்லது யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். கொலைகாரன் யார் என்பதை மறந்துவிட்ட வாசகர்கள்கூட அந்த ஜோக்கின் முடிவு என்ன என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

‘கொலையுதிர் காலம்’ தொடரில் நடப்பதெல்லாம் ஆவியின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று இருவரும் எதிரெதிர் பக்கம் நிற்பார்கள். ஒவ்வொரு வாரமும் ‘தொடரும்’ போட்ட பிறகு வீடுகளிலும் அலுவலகங்களிலும் அதே வாதம் நடந்தது. சந்தேகப்படும் அறிவும் நம்பத் துடிக்கும் மனசும் ஒரே ஆளுக்குள் இருப்பவைதான். சுஜாதா அவற்றைப் பிரித்து இரண்டு பேராக உலவவிட்டார். அதனால்தான் கணேஷா, வசந்தா என்ற கேள்விக்குப் பலரும் ஒரு நிமிடம் தயங்குகிறார்கள். அலுவலகத்தில் கணேஷாகவும் நண்பர்களிடம் வசந்தாகவும் இருக்க விரும்புவது முரண்பாடு ஆகாது. நம்மில் பெரும்பாலோருடைய உண்மை அதுதான்.

பெட்டிக்கடையில் தொங்கிய புரட்சி

1980களில் மாத நாவல்கள் வந்தன. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். பேருந்து கிளம்பும்போது வாங்கி, ஊர் வருவதற்குள் படித்து முடித்துவிடலாம். வாடகை நூல் நிலையங்களில் தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, தைத்து, பைண்டு செய்து வைத்திருப்பார்கள். பின்பக்கத்தில் பழைய சோப்பு விளம்பரம் இருக்கும். ஓரத்தில் முன்பு படித்த யாரோ பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதிவைத்திருப்பார்கள்.

கோவை ராஜேஷ்குமாரின் விவேக், குற்றப் பிரிவு அதிகாரி. இரண்டு தனித்தனிக் கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் ஒரே புள்ளியில் முடிச்சுப் போடுவது ராஜேஷ்குமாரின் கைவண்ணம். விவேக்குக்கு ரூபலா என்ற மனைவி உண்டு. விஷ்ணு என்ற உதவியாளன் உண்டு. வேலையும் வேண்டும், வீடும் வேண்டும் என்று நினைத்த நடுத்தர வாசகர்களுக்கு விவேக் பொருந்திப்போனார்.

பெண் வாசகர்களுக்கு உண்மையான கதவு திறந்தது பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி ஜோடிகளால்தான். மூன்லைட் டிடெக்டிவ் ஏஜென்சியின் சுசீலா டி-ஷர்ட்டில் என்ன வாசகம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு கூட்டம் இருந்தது. அதை ஆண்கள் ஒரு விதமாகப் படித்திருக்கலாம். பாவாடை தாவணியில் தட்டச்சு வகுப்புக்குப் போய்வந்த பெண்கள் வேறு விதமாகப் படித்தார்கள்: தனக்குப் பிடித்த உடையை உடுத்தி, ராத்திரி நேரத்தில் தனியாக வண்டி ஓட்டி, கூட வேலை பார்க்கும் ஆணோடு சரிக்குச் சரி வாயாடி, சம்பாதிக்கும் ஒருத்தி. ‘ஈகிள்ஸ் ஐ’ நிறுவனத்தின் வைஜயந்தியும் அப்படித்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுசீலா என்றால் பக்கத்தில் பரத், வைஜயந்தி என்றால் பக்கத்தில் நரேந்திரன். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் உட்காரவைத்து முடிச்சை அவிழ்க்கும் உரிமை பெரும்பாலும் ஆணுக்கே போனது. வை.மு. கோதைநாயகி 1920களிலேயே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை நடத்தி, மர்மமும் துப்பறிதலும் கலந்த நாவல்களை எழுதிக் குவித்தவர். பெண் எழுத்தாளர் அவ்வளவு சீக்கிரம் வந்தும், கணேஷ் அளவுக்கு வீட்டுப் பெயராக நிலைத்த தனிப் பெண் துப்பறிவாளர் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. இந்தக் குறையைச் சும்மா கடந்துபோகக் கூடாது.

எந்த வேடம் யாருக்கு?

யாராக இருக்கலாம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்குச் சில சிபாரிசுகள்:

எர்க்யூல் புவாரோ: ஒழுங்கு பிடித்தவர்களுக்கு. அகதியாக இங்கிலாந்து வந்த பெல்ஜியக்காரர். அயலூரில் கேலி செய்யப்பட்டும் தன் மீசையையும் மரியாதையையும் விட்டுக்கொடுக்காதவர். 1975இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி வெளியிட்டது.

பியோம்கேஷ் பக்‌ஷி: குடும்பஸ்தர்களுக்கு. சரதிந்து பந்தோபாத்யாய் 1932இல் படைத்த கல்கத்தாக்காரர். வழக்கு ஒன்றில் சந்தித்த சத்யவதியையே மணந்து குடித்தனம் நடத்துகிறவர்.

தொப்ஷே: பிள்ளைகளுக்கு. சத்யஜித் ராய் 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையில் தொடங்கிய ஃபெலூடா கதைகளைச் சொல்கிற சிறுவன். அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றலாம். பள்ளி விடுமுறை இருந்தால் போதும்.

ஐரீன் அட்லர்: தோற்கப் பிடிக்காதவர்களுக்கு. 1891இல் வந்த ஒரே கதையில் ஹோம்ஸையே ஏமாற்றிவிட்டு நிம்மதியாகப் போய்விட்ட பாடகி.

பாதிரியார் பிரவுன்: இரக்கமுள்ளவர்களுக்கு. கொலைகாரனின் மனசுக்குள் தானே இறங்கிப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்கிறவர். குற்றவாளி தண்டனை பெறுவதைவிட மனம் திருந்துவதில் அவருக்கு அக்கறை அதிகம்.

என் ஓட்டு பாட்டிக்கு

இத்தனை பேரில் யாராக ஆசைப்பட வேண்டும் என்று கேட்டால், என் பதில் மிஸ் மார்ப்பிள். அகதா கிறிஸ்டி 1930இல் நாவலுக்குள் கொண்டுவந்த இந்த வயதான பெண்மணி செயின்ட் மேரி மீட் என்ற சின்ன கிராமத்தில் வசிக்கிறார். கல்யாணம் ஆகாதவர். கையில் எப்போதும் கம்பளி நூல் பின்னல். துப்பாக்கி இல்லை, பதவி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. அவர் கண்டுபிடிக்கும் முறை ஒன்றே ஒன்று: புதிதாகப் பார்க்கும் ஒவ்வொருவரும் அவருக்குத் தன் கிராமத்தில் பார்த்த யாரையாவது ஞாபகப்படுத்துவார்கள். மீன் கடைக்காரர் மகன் ஒருமுறை சொன்ன பொய்யும் பணக்காரச் சீமான் இப்போது சொல்லும் பொய்யும் ஒரே மாதிரி இருப்பதை அவர் கவனித்துவிடுவார். கிழவிதானே என்று அவர் எதிரில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அதுவே அவருக்குக் கிடைக்கும் சாட்சியம்.

ஹோம்ஸாக ஆவதற்கு அபூர்வ மூளை வேண்டும். கணேஷாக ஆவதற்குச் சட்டப் படிப்பு வேண்டும். மார்ப்பிளாக ஆவதற்கு அக்கம்பக்கத்து மனிதர்கள் மேல் ஓயாத கவனம் இருந்தால் போதும். நம் ஊர்களில் அந்தக் கவனத்துக்குக் குறைவே இல்லை. காலை ஒன்பது மணியாகியும் மூன்றாவது மாடி வீட்டுக் கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் அப்படியே கிடப்பதை முதலில் பார்ப்பது குடியிருப்பில் உள்ள ஒரு பாட்டியாகத்தான் இருக்கும். எந்த மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள், எந்தப் பையன் கையில் திடீரென்று பணம் புழங்குகிறது, எந்த வீட்டு நகை அடகுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை வம்பு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். கிறிஸ்டி அதை அறிவு என்று மதித்தார்; மதித்ததால் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வாசகர்கள் ஒரு கிழவியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

தமிழ் எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மாறுவேடச் சாமியார், வங்கி குமாஸ்தா, வழக்கறிஞர், போலீஸ் அதிகாரி என்று 130 ஆண்டுகளில் எத்தனையோ பேரைத் தந்துவிட்டீர்கள். மாம்பலத்திலோ மன்னார்குடியிலோ வசிக்கும் ஒரு பாட்டியை எங்களுக்குக் கொடுங்கள். கூட ஒரு பரத் வேண்டாம்; கடைசி அத்தியாயம் முழுவதையும் அவரே பேசட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராக ஆசை என்று உங்கள் வீட்டில் இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். அப்பாவும் அண்ணனும் உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். அம்மாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் யோசித்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.